மணி அடிக்கும் வரை

மலையடிவாரத்துத் தியான இல்லத்தில் மதர் வெரோனிக்காவுக்குச் சீடர்கள் அதிகம் இல்லை. ஞாயிறு மாலைகளில் பக்கத்துத் தையல் ஆலையிலிருந்து சில பெண்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தி ஆக்னஸ். இப்போதெல்லாம் கைக்குழந்தையோடு வருகிறாள்.

அங்கே விதி ஒன்றுதான். மௌன நேரம் தொடங்கிவிட்டால், மதர் மணி அடிக்கும்வரை யாரும் பேசுவதில்லை, எழுவதுமில்லை.

அன்று ஆக்னஸ் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள்.

"மதர், எனக்குப் பொறுமை வேணும்."

"எதுக்கு?"

"எங்க சூப்பர்வைசர் தங்கராசுவைச் சமாளிக்கத்தான். எடத்தைவிட்டு எழுந்திரிக்கணும்னா அவர்கிட்ட டோக்கன் வாங்கணும். பாத்ரூமுக்கும் டோக்கன், பிள்ளைங்க இருக்கிற காப்பகத்துக்கும் டோக்கன். ஒருநாள் ஓவர்டைம் முடியாதுன்னு சொன்னேன். அதுலேருந்து எனக்கு மட்டும் தரமாட்டேங்கிறார்."

"கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டேன். 'ஊர்ல நீ ஒருத்திதான் பிள்ள பெத்தியா? எல்லாரும் பால் குடுக்கப் போயிட்டா சட்டையை நானா தைக்கிறது?'ன்னார். தையல் லைன்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க."

"மேனேஜர்கிட்ட?"

"பயமா இருக்கு மதர். வேலை போயிட்டா? வீட்டுல சம்பாதிக்கிறது நான் மட்டும்தான்." அவள் குரல் இறங்கியது. "எனக்குப் பால் கசிஞ்சு துணியெல்லாம் நனைஞ்சுபோகுது. இவன் இளைச்சுட்டே வர்றான். ராத்திரி மூச்சு வருதான்னு நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன்."

"அதனால பொறுமை கேக்கிறே."

"ஆமா மதர்."

"சரி. பிள்ளையை என்கிட்ட குடு. போய் உக்காரு."

மற்றவர்கள் வந்து அமர்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பவுலினா, ஆக்னஸின் காதோரம் குனிந்தாள்.

"என்னடி, தங்கராசுவுக்குச் சாபம் வாங்கிட்டியா?"

"பொறுமை கேட்டேன்."

"அதுதான் நம்ம வீட்டுல மூட்டை மூட்டையா கெடக்கே!"

மௌனம் தொடங்கியது.

மதரின் மடியில் தூங்கிய குழந்தை சற்று நேரத்தில் நெளிந்தது. வாயைத் திறந்து எதையோ தேடியது. சிணுங்கியது. பிறகு அழுதது.

மதர் கண்களைத் திறக்கவில்லை. அவர் கை மணியின் பக்கம் போகவுமில்லை.

ஆக்னஸ் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி எழுந்தாள். எல்லாரும் குனிந்த தலையோடு இருந்தார்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் மார்பு நனைந்தது.

அழுகை கம்மியது. மூச்சு வாங்கக் குழந்தை ஒரு கணம் நிறுத்தியது. அந்த நிசப்தத்தை அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து ஓடினாள். மதரின் கைகளிலிருந்து குழந்தையைப் பறித்தாள். அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பி அமர்ந்து, முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

குழந்தை விழுங்கும் ஓசை மட்டும் கேட்டது.

வழக்கமான நேரத்தில் மணி அடித்தது. எல்லாரும் போன பிறகும் ஆக்னஸ் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க மதர். விதியை மீறிட்டேன்."

"இனிமே இங்க வராதேன்னு சொல்லிடுவேன்னு பயம் வரலையா?"

"வந்துச்சு. அதனாலதான் மொதல்ல உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்களே கண்ணுக்குத் தெரியலை, மதர். இவன் அழுறது மட்டும்தான் கேட்டுச்சு."

"ஆலையில அழமாட்டானா?"

"அழுவான். காப்பகம் கீழ இருக்கு. மெஷின் சத்தத்துல எங்களுக்குக் கேக்காது."

மதர் குழந்தையின் வாயோரம் வழிந்த பாலைத் தம் விரலால் துடைத்தார்.

"நாளைக்கு நான் வர்றேன். இவனைத் தூக்கிட்டு மேல வந்து உன் மெஷின் பக்கத்துல நிக்கிறேன். அப்பவும் வேணும்னா சொல்லு, பொறுமை தர்றேன்."