நிறுத்திய மோட்டார் உதைத்த கதை

மண்டபத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஜெசிந்தா என்றொரு பெண் இருந்தார். வயது முப்பத்து நான்கு. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது அவர் தொழில்.

அவரிடம் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். சீடருக்கு வயது அறுபது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் பரமகுரு. பெற்றவர்கள் பெயரிலேயே குருவை வைத்துவிட்டார்கள், மனிதர் என்ன செய்வார்? மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டு, பின்னாலேயே வாளி தூக்கி நடந்தார்.

வந்த முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், வேலையை விட்டு எட்டு மாசமாச்சு. இன்னமும் தெருவுல கரண்ட் போனா என் கால் செருப்பைத் தேடுது. வீட்டுக்காரி கட்டிங் பிளேயரை பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. இனிமே கம்பத்துல ஏறமாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியமும் பண்ணிட்டேன். வீட்டுக்குள்ள உக்காந்தா நெஞ்சு படபடங்குது. இது எப்ப நிக்கும்?"

ஜெசிந்தா ஒரு பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். உள்ளே பச்சையாக ஏதோ அடியில் படிந்திருந்தது.

"இதைக் கலக்குங்கய்யா."

கலக்கினார். கேள்வி அப்படியே நின்றுபோனது.

பாட்டிலில் இருந்தது கண்ணுக்குத் தெரியாத கடல்பாசி. பாசியைத் தின்று ஒரு நுண்பூச்சி வளரும். பூச்சியைத் தின்று மீன்குஞ்சு வளரும். பாசி அடியில் தங்கிவிட்டால் மேலே வெறும் தண்ணீர்தான் போகும், தொட்டியில் எல்லாம் பட்டினி கிடக்கும். ஆகவே யாராவது கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜெசிந்தா அவருக்கென்று ஒரு ஜோடி மீன் ஒதுக்கிக் கொடுத்தார். பதினோரு மாதம் அந்த ஜோடி அவரைச் சட்டை செய்யவில்லை. பன்னிரண்டாம் மாதம் தொட்டிக்குள் கிடந்த ஓட்டாஞ்சில்லின் மேல் முட்டையிட்டது. ஒன்பதாம் நாள் காலையில் வந்து பார்த்தபோது ஓட்டில் முட்டை இல்லை.

"போச்சே டீச்சர்!"

"கண்ணாடியைத் துடைச்சுட்டுத் தண்ணியைப் பாருங்க."

துடைத்துவிட்டுப் பார்த்தார். தலைமுடியை நறுக்கிப் போட்ட மாதிரி என்னவோ மிதந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கண்கள். உடம்பு முழுக்கக் கண்ணாடி. ஒன்று அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அதன் கழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், இதயம் தெரியுது."

"ஆமா."

"அது பாட்டுக்கு அடிக்குது டீச்சர். யாரு ஸ்விட்ச் போட்டா?"

ஜெசிந்தா சிரித்தார். பரமகுரு சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவர், ஒரு மணி நேரம் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பத்து நாள் தாண்டணும்யா. அதுவரைக்கும் மணிக்கு ஒருக்க இதுகளுக்குப் பச்சைத் தண்ணி போகணும். ஒரு வேளை தப்பினாலும் கஷ்டம்."

"ஒண்ணைக்கூட விடமாட்டேன்" என்றார் பரமகுரு.

பச்சைத் தண்ணீரை அளந்து ஊற்ற ஜெசிந்தா ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். உள்ளே நேரம் பார்த்துக் கட்டளையிடும் ஒரு கண்ட்ரோலர் போர்டு, பேட்டரி, இரண்டு வகைப் பாசிக்கு இரண்டு பாட்டில், இரண்டு சின்ன பம்ப். நேரம் வந்தால் பெட்டி ஊற்றும். கலக்குவது மட்டும் கைதான்.

"பாட்டிலுக்கொரு மோட்டார் மாட்டிடலாம் டீச்சர். ஊத்துறப்ப அதுவே கலக்கிக்கும். முடிஞ்சதும் அதுவே நின்னுக்கும்."

"மாட்டத் தெரியுமா?"

"முப்பத்து மூணாயிரம் வோல்ட்டுக்குக் கீழ உக்காந்து சோறு தின்னவன் டீச்சர். இது பன்னெண்டு வோல்ட்டு. பொம்மைக் கரண்ட்டு."

"சரி, மாட்டுங்க. நான் கடல்தண்ணி எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் குழாயைத் தொட்டியில விடாதீக. வாளியில விட்டு ஓட்டிப் பாருங்க."

பழைய விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டார்கள். தண்டில் பிளாஸ்டிக் துடுப்பு. ஒயரை முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றி அழகாக முடித்தார். ஒரு தடவை வாளியில் ஓட்டினார். துடுப்பு சுழன்றதும் அடியில் கிடந்த பச்சை எழுந்து, சுருள் சுருளாகப் புரண்டு, பாட்டில் முழுக்க நிறைந்தது. கடலே பாட்டிலுக்குள் எழுந்து நின்றுவிட்டது என்று அவருக்கு மெய் சிலிர்த்தது. ஒரு நிமிஷத்தில் மோட்டார் நின்றது. எல்லாம் சரி.

குழாயை எடுத்துத் தொட்டியில் விட்டுவிட்டு, டீச்சர் வந்ததும் காட்ட வேண்டுமே என்று வாசலில் போய் நின்றார். அரை மணி நேரம் பெருமையோடு நின்றார்.

ஜெசிந்தா கேனோடு வந்தார். உள்ளே போனார்கள். தொட்டி இருந்த இடத்தில் ஒரு பச்சைச் சுவர் இருந்தது. பாட்டில் இரண்டும் காலி. துடுப்புகள் வெறும் பாட்டிலில் சுற்றி நின்றன. நின்ற நொடியில் பெட்டியின் விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது. மறுபடி சுற்றத் தொடங்கின.

ஜெசிந்தா பேட்டரியைப் பிடுங்கினார்.

"வாளியில எத்தனை தரம் ஓட்டினீக?"

"ஒரு தரம்."

ஜெசிந்தா மெல்லிய குழாய் ஒன்றை எடுத்தார். குஞ்சு உள்ளே போகாதபடி அதன் வாயில் வலைத்துணி கட்டினார். அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியேற, இந்தப் பக்கம் புதுக் கடல்தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"வேகமா ஊத்தினா?"

"செத்துப்போகும்."

"இப்ப உசிரோட இருக்குதுகளா?"

"தெளிஞ்சாத்தான் தெரியும்."

பரமகுருவுக்கு அழுகை வந்துவிட்டது. தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு குழாயை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடவில்லை.

"நிறுத்துன்னுதானே டீச்சர் சொன்னேன்? மோட்டாரும் நின்னுச்சே. பெட்டிக்கு ஏன் புத்தி பேதலிச்சுது?"

ஜெசிந்தா சொட்டின் வேகத்தைச் சரிபார்த்துவிட்டுக் கேட்டார்.

"கம்பத்துல ஏறுறதுக்கு முந்தி என்ன செய்வீக?"

"எல்.சி. வாங்குவோம். லைனை நிறுத்தியாச்சு, ஏறலாம்னு சப்ஸ்டேஷன்ல சொல்லுவாக."

"சொன்னதும் ஏறிடுவீகளா?"

"அதெப்படி? எர்த் ராடு மாட்டணும்ல? கம்பியில மிச்சம் மீதி நின்னா மண்ணுக்குள்ள இறங்கணும். அது மாட்டாம என் ஆளுக யாரையும் ஏற விட்டதில்ல."

"ஏன்? லைன்தான் நின்னுபோச்சே."

பரமகுரு அந்தப் பொம்மை மோட்டார்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுலயுமா?"

"நிறுத்தின நொடியில மோட்டார் கரண்ட்டைத் திருப்பி உதைக்கும்யா. அந்த உதையில சில தரம் பெட்டிக்கு நினைவு தப்பிடுது. இப்பத்தான் முழிச்சேன்னு நினைச்சு முதல்லேருந்து ஊத்துது. என்னோட மூணாவது ஈடு குஞ்சு இப்படித்தான் போச்சு."

"அப்ப உதையைத் தடுக்கணும்."

"தடுத்தா வேற எங்கயாவது உதைக்கும்."

ஒரு டப்பாவைத் திறந்து மிளகு அளவில் கறுப்பாக, கரண்ட்டை ஒரே பக்கம் மட்டும் விடும் இரண்டு டயோடு எடுத்தார். ஒவ்வொன்றின் ஒரு ஓரத்திலும் வெள்ளிக் கோடு.

"மோட்டாரோட ரெண்டு காலுக்கும் குறுக்க இதை வைங்க. கோடு ப்ளஸ் பக்கம். உதைக்கிறது இது வழியா மோட்டாருக்குள்ளயே ரெண்டு சுத்து சுத்தி அடங்கிடும்."

"இத்துனூண்டா?"

"அதுக்கு அது போதும்."

குழாயை அவரிடம் கொடுத்துவிட்டுப் பரமகுரு ஈயம் வைத்தார். பெட்டிக் குழாயை வாளியில் விட்டு, பேட்டரியை மாட்டி ஓட்டினார். மோட்டார் நின்றது. விளக்கு சிமிட்டவில்லை. மறுபடி ஓட்டினார். யாரும் சொல்லாமலேயே இருபது தடவை ஓட்டினார். இருபது தடவையும் விளக்கு அசையாமல் எரிந்தது. பிறகு சொட்டுக் குழாயைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தொட்டி தெளியத் தொடங்கியது. முதலில் ஓட்டாஞ்சில்லு தெரிந்தது. அதன் அடியில் இழை இழையாகச் சில கிடந்தன, அசையவில்லை. பரமகுரு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை.

"மேல பாருங்கய்யா."

ஜன்னல் பக்கத்து மூலையில், வெளிச்சம் விழும் இடத்தில், அவை நின்றன. நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே திசையில் தலை வைத்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி. ஒவ்வொன்றின் கழுத்துக்குக் கீழும் அந்தப் புள்ளி. பரமகுரு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். யாரைக் கும்பிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. தெரு முழுக்க கரண்ட் போய்விட்டது. எங்கோ தொலைவில், டிரான்ஸ்பார்மர் பக்கம், படீரென்று ஒரு சத்தம்.

தொட்டிக்குக் கவலை இல்லை, பெட்டியும் காற்றுப் பம்பும் பேட்டரியில் ஓடின. பரமகுருவின் கால்தான் தரையில் எதையோ தடவியது. இரண்டு கைகளாலும் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்கயும் போகல டீச்சர்" என்றார்.

ஜெசிந்தா அவர் கைகளைப் பார்த்தார். பிறகு எட்டி, அவர் மடியிலிருந்த குழாயைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"செருப்பு வாசல்லதான் கிடக்கு. ஏறாம, பாத்துட்டு மட்டும் வாங்க."