கண்ணை உறுத்திய மாடி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடப்படும் ஒரு நாட்டில், ராஜாவின் காலைப் பொங்கல் மத்தியானம் வந்து சேர்ந்தது. பசி நேரத்தில் ராஜாக்களுக்கு நியாயம் தெரியாது. சமையற்காரி பேச்சியம்மையைச் சபைக்கே கூட்டிவரச் சொன்னார்.

"நான் என்ன செய்ய மகாராசா? என் வீடு ஆத்துக்கு அக்கரையில இருக்கு. கோழி கூவுறதுக்கு முன்னாலயே கெளம்பி வாரேன். இன்னைக்கு ஓடக்காரருக்குக் காய்ச்சல். நீந்தியா வர முடியும்?"

"கோட்டைக்குள்ளேயே குடியிருப்பதுதானே?"

"எங்க இருக்க? வீட்டுலயெல்லாம் பெரிய மனுசங்க இருக்காங்க. மிச்ச எடத்துல அவங்க மயிலு இருக்கு."

சபையில் விகடகவி ஆவுடையப்பன் மட்டும் சிரித்தார். மற்றவர்களுக்கு மயில் இருந்தது.

விஷயம் இதுதான். ராஜாவின் பாட்டனார் கோட்டை வாசலில் ஒரு கல்வெட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். 'கோட்டைக்குள் எழும் கட்டடம் எவர் கண்ணையேனும் உறுத்தினால், உறுத்தல் தீரும்வரை வேலை நிற்க' என்று அதில் வெட்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. எவராவது ஒரு மாடி எழுப்பத் தொடங்கினால், பக்கத்துத் தெருப் பிரபு ஒருவர் வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சபைக்கு வருவார். "உறுத்துகிறது" என்பார். வேலை நின்றுவிடும். உறுத்தல் மட்டும் எவருக்கும் தீர்ந்ததில்லை. சிலர் உறுத்தலோடே காலமாகி, அதைப் பிள்ளைகளுக்கு விட்டுப் போயிருந்தார்கள். ஆகவே கோட்டைக்குள் தோட்டமும் துரவுமாக ஒற்றைத்தள வீடுகள்தான். சமைப்பவர், துவைப்பவர், விளக்கேற்றுபவர் எல்லோரும் அக்கரையில்.

ராஜா மீசையை முறுக்கினார். "சித்திரைத் திருவிழாவுக்குள் அரண்மனை வேலைக்காரர்கள் அனைவரும் கோட்டைக்குள் குடிவர வேண்டும். பாட்டனார் கல்வெட்டில் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது. எவர் தோட்டத்திலும் ஒரு பிடி மண் எடுக்கக்கூடாது. நடக்காவிட்டால் வேறு சமையற்காரியைப் பார்த்துக்கொள்கிறேன்."

பேச்சியம்மையின் முகம் செத்துவிட்டது. அரண்மனை அடுப்பை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பும் எரிந்தது.

அப்போது பிரபு ராஜவல்லபர் எழுந்தார். கோட்டையிலேயே பெரிய தோட்டம் அவருடையது. ஆவுடையப்பன் வாய் திறந்தால் ராஜா சிரிப்பதும், தாம் வாய் திறந்தால் கொட்டாவி விடுவதும் அவருக்கு நெடுநாளைய வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, இந்தக் காரியத்துக்கு நம் விகடகவியைவிடத் தகுந்தவர் இல்லை. முடியாமற்போனால், அவரும் அக்கரைக்கே குடிபோகட்டும்."

பொறி என்று ஆவுடையப்பனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பேச்சியம்மை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஆகட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் பேச்சியம்மை பிடித்துக்கொண்டாள். "அய்யா, எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? என்னால ஒங்க வீடும்லா போகப்போகுது?"

"போகத்தான் போகுது பேச்சியம்மா. மேல போகப்போகுது."

மறுநாளே ஆவுடையப்பன் தம் வீட்டுக்கு மேல் மாடி எழுப்ப ஆரம்பித்தார். கொத்தனார்கள் சாரம் கட்டி முடிப்பதற்குள் ராஜவல்லபர் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு சபைக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் மற்றப் பிரபுக்களும் ஆளுக்கொரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

"மகாராஜா, அந்த மாடி என் கண்ணை உறுத்துகிறது."

ராஜா வருத்தத்தோடு ஆவுடையப்பனைப் பார்த்தார். "வேலையை நிறுத்தும்."

"நிறுத்திவிட்டேன், மகாராஜா. உறுத்தல் தீரும்வரை நிற்க என்பதுதானே பெரிய ராஜாவின் ஆணை? தீர்ப்பதற்காக அரண்மனை வைத்தியரையும் அழைத்து வந்திருக்கிறேன். பெரிய ராஜா இவ்வளவு கருணையோடு வெட்டி வைத்திருக்க, மூன்று தலைமுறையாக ஒருவர் கண்ணுக்கும் நாம் மருந்து போடவில்லை. நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது."

வைத்தியர் சிரிக்கவே தெரியாத மனிதர். ராஜவல்லபரின் இமையை விலக்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"நாள்பட்ட உறுத்தல். பரம்பரையாக வருவது. இரண்டு கண்ணையும் எண்ணெய்த் துணியால் கட்டவேண்டும். உப்பு, புளி, வெற்றிலை ஆகாது."

"எனக்கு வலக்கண்தானே உறுத்துகிறது!" என்றார் ராஜவல்லபர்.

"இடக்கண் பார்த்துவிட்டு வலக்கண்ணுக்குச் சொல்லிவிடும்."

"எத்தனை நாளைக்கு?"

"தீரும்வரை."

பின்னால் நின்ற பிரபுக்கள் கண்ணிலிருந்து கையை எடுத்து மீசையைத் தடவிக்கொண்டார்கள். ஒருவர், தூசி விழுந்திருந்தது, இப்போது போய்விட்டது என்றார். எவரும் கேட்காமலே சொன்னார்.

ராஜவல்லபர் மட்டும் வீம்புக்காரர். கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். உப்பில்லாக் கஞ்சி குடித்தார். அரண்மனையில் நாட்டியம் நடந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து, "இப்போது என்ன ஆடுகிறாள்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் வேறு இடத்துக்கு மாறிவிட்டார். அன்றைக்கு மறுநாள் வைத்தியருக்கு ஆள் அனுப்பினார்.

"தீர்ந்துவிட்டது."

"பார்த்துச் சொன்னால்தான் செல்லும்" என்று வைத்தியர் அவரை ஆவுடையப்பன் வீட்டெதிரே நிறுத்திக் கண்கட்டை அவிழ்த்தார். ராஜாவும் சபையும் சுற்றி நின்றார்கள். சாரத்தடியில் பேச்சியம்மையும் நின்றாள்.

ராஜவல்லபர் சாரத்தை அண்ணாந்து பார்த்தார். "உயரமாக... இருக்கிறது."

"உறுத்துகிறதா?" வைத்தியர் அவிழ்த்த துணியை மறுபடி எண்ணெயில் நனைத்தார்.

"இல்லை, இல்லை! கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது!"

வேலை மறுபடி தொடங்கியது. எவர் கண்ணும் அதற்குப் பிறகு உறுத்தவில்லை. ஆவுடையப்பன் மாடியில் பேச்சியம்மை குடிவந்தாள். அதைப் பார்த்து அடுத்த தெருவில் ஒரு மாடி எழுந்தது. அதற்கடுத்த தெருவில் மாடிக்கு மேல் மாடி. வண்ணாரும் விளக்கேற்றுபவரும் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்து வந்தார்கள். ஓடக்காரரும் வந்துவிட்டார், அக்கரையில் ஓடத்தில் ஏற்றிக்கொள்ள அவருக்கு ஆள் இல்லை.

திருவிழா அன்று ராஜா உப்பரிகையில் நின்று ஊரைப் பார்த்தார். நேற்றுவரை மலை தெரிந்த இடத்தில் எவர் வீட்டுப் புடவையோ காய்ந்துகொண்டிருந்தது.

"ஆவுடையப்பரே, உண்மையைச் சொல்கிறேன். இதெல்லாம் சற்று என் கண்ணை..."

வைத்தியர் துணியோடு ஓரடி முன்னால் வந்தார்.

ராஜா வாயை மூடிக்கொண்டார். வைத்தியரைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிழக்கு வாசலில் குதிரைகூட மேயாமல் கிடந்த தம் மைதானத்தை அங்கேயே ஆவுடையப்பனுக்குப் பரிசாக அறிவித்தார். அரசாணை எழுதும் ஓலை நாயகம் எழுத்தாணியை எடுத்து, தானம் எழுதும் முறைப்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "மேல்நோக்கிய மரமும், கீழ்நோக்கிய கிணறும் உட்பட..."

"ஒரு சொல் குறைகிறது, மகாராஜா" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன சொல்?"

"மேல்நோக்கிய மாடியும்."

ராஜா சிரிப்பை அடக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஓலை நாயகம் எழுதிக்கொண்டார். ராஜவல்லபர் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னதாகக் கைதட்டினார்.