தொற்று அறைக்குக் காவல்

குழியான்குளத்து ஆஸ்பத்திரி ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. தங்களுக்கு மூளை கம்மி என்பதை அவர்கள் யாரிடமும் மறைத்ததில்லை. அவர்களில் மூத்தவர் வார்டு உதவியாளர் நல்லசிவன். "நாம யோசிக்கக் கூடாதுடே, யோசிச்சாக் கெட்டுரும். சொன்னதைச் செஞ்சாப் போதும்" என்பார். அவர் யோசித்த நாட்களில் நடந்ததைப் பார்த்தவர்கள் அதை முழுமனதோடு ஒப்புக்கொண்டார்கள்.

அன்று கடைசி அறையில் பரோட்டா மாஸ்டர் உக்கிரபாண்டி, பரவக்கூடிய இருமலோடு படுத்திருந்தார். மீட்டிங்குக்குக் கிளம்பிய டாக்டரம்மா நல்லசிவனைக் கூப்பிட்டார்.

"உள்ள போனா மாஸ்க், கையுறை, அங்கி போட்டுட்டுப் போங்க. நோயாளிகிட்ட நெருங்காதீங்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் அங்கேயே கழட்டிப் போட்டுருங்க. எதைத் தொட்டாலும் கை கழுவாம வெளிய வராதீங்க. இன்னொருத்தருக்குத் தொத்துச்சுன்னா வார்டையே மூடிருவாங்க."

நல்லசிவன் வேகவேகமாகத் தலையாட்டினார். வார்டை மூடிவிட்டால், தன்னைப் போன்ற ஆளை வேறு எந்த மடையன் வேலைக்கு வைப்பான்?

முதலில் வார்டு பையன் சுடலை கஞ்சி கொண்டுபோனான். கஞ்சியை வைத்தான், எல்லாவற்றையும் கழற்றினான், அறைக்குள் இருந்த தொட்டியில் சோப்புப் போட்டுக் கை கழுவினான். பிறகு கதவின் கைப்பிடியைப் பிடித்தான். ஐயோ, தொட்டாயிற்றே! திரும்பிப் போய்க் கழுவினான். மறுபடி கைப்பிடி, மறுபடி சோப்பு. வெயில் ஏறியதே தவிர ஆள் வெளியே வரவில்லை.

அவனைக் கூட்டிவர ஆயா கோசலை போனாள். முறைப்படி அங்கி மாட்டிக்கொண்டுதான் போனாள். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவளும் கழுவத் தொடங்கினாள்.

இரண்டு பேரையும் கூட்டிவர நல்லசிவனே போனார். பிறகு மூவரும் விரல் சுருங்கிப்போய்த் தொட்டியடியில் நின்றார்கள்.

"கைப்பிடியைப் பல்லால கடிச்சு இழுத்தா என்ன அண்ணாச்சி?" என்றான் சுடலை.

"அப்புறம் பல்லைக் கழுவணும்லா."

"காலால?" என்றாள் கோசலை.

"அப்புறம் காலைக் கழுவணும்லா. இந்த இடுப்பை வச்சுக்கிட்டுத் தொட்டி உசரத்துக்குக் காலைத் தூக்க என்னால முடியாது தாயி. என்னையப் போய்ப் பொறுப்பாப் போட்டாங்களே, அந்த டாக்டரம்மாவைச் சொல்லணும்."

கட்டிலில் இருந்து உக்கிரபாண்டி இருமினார். "நான் தொறக்கட்டுமா? எனக்குத்தான் ஏற்கெனவே தொத்தியாச்சே. புதுசா என்ன வரப்போகுது?"

இப்படி ஓர் அறிவாளியைப் படுக்கப்போட்டுவிட்டு நாம் அலைந்தோமே என்று நல்லசிவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாஸ்டர் கதவைத் திறந்து வாசலிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் அந்த வழியாகப் போனால் நோயாளியை நெருங்கியதாகாதா? மூவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் மரியாதை தெரிந்த மனுஷர். வழிவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றார். கதவு சாத்திக்கொண்டது.

"தொறயும்வே!" என்று உள்ளிருந்து கத்தினார் நல்லசிவன்.

"தொறக்கலாம் அண்ணாச்சி. ஆனா கைப்பிடியைத் தொட்டா நான் கழுவணும்லா? தொட்டி உள்ளதான இருக்கு?"

நியாயம்தான்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது, மாஸ்டர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "கிட்ட வராதீங்க, தொற்று அறை!" என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் இருமி இருமித் துரத்திக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து நல்லசிவன் பதறி ஓடிவந்தார்.

"அம்மா, சாத்துங்க, சாத்துங்க! காலையில இருந்து மூணு பேரும் உசுரைக் கொடுத்து இப்பத்தான் கிருமியை வெளிய அனுப்பியிருக்கோம். திரும்ப உள்ள வந்துரப்போகுது!"