சீட்டை மாற்ற வந்தவள்

“சிஸ்டர், இந்தச் சீட்டை மாத்திக் குடுங்க” என்றாள் கொலாஸ்டிகா.

சிஸ்டர் பெனிக்னாவுக்கு இவளைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் பங்கு மக்கள் சாமியாரைத் தாண்டி அவரிடம்தான் போவார்கள்.

கிறிஸ்மஸுக்கு நான்கு வாரம் முன்பு, அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து ஜெபக் குழுவின் பெண்கள் ஆளுக்கொரு சீட்டு எடுப்பது வழக்கம். சீட்டில் பெயர் இருப்பவள் கிறிஸ்மஸ் தோழி. அவளுக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும். பெருநாளன்று ‘நான்தான் உன் தோழி’ என்று சொல்லிக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

இப்போது எல்லாரும் ஒரே வீட்டில் ஒன்றுசேர யாருக்கும் மனமில்லை. அதனால் சிஸ்டரே வீடு வீடாகப் போய், சீட்டுகள் போட்ட பிஸ்கட் டப்பாவை நீட்டினார்.

“யார் பேர் வந்துச்சு அக்கா?”

“மெட்டில்டா.”

“நல்ல பேராச்சே.”

“பேரைக் குத்தம் சொல்லல சிஸ்டர். ஆளைச் சொல்றேன்.”

இரண்டு வருடம் முன்பு கொலாஸ்டிகா சுட்ட கேக்கை மெட்டில்டா விரலால் தட்டிப் பார்த்து, “யாராவது கொத்தனாரைக் கூப்பிடுங்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து பன்னிரண்டு வீட்டு அன்பியத்தில் ஆறு வீடு இவள் பக்கம், ஆறு வீடு அவள் பக்கம். வெள்ளிக்கிழமை ஜெபம் இரண்டு இடத்தில். இரண்டு இடத்திலும் ஒற்றுமைக்காக ஒரு மன்றாட்டு, தவறாமல்.

“கட்டிப்பிடிக்கிறது அப்புறம்” என்றாள் கொலாஸ்டிகா. “அவளுக்காக ஜெபிக்க வாய் வரல. அவளை விட்டுட்டு மத்ததைச் சொல்லலாம்னா, அதுவும் வரல. ரெண்டு நாளா ஜெபமாலையைத் தொடல சிஸ்டர். எனக்குப் பயமா இருக்கு.”

சிஸ்டர் டப்பாவை நீட்டினார்.

கொலாஸ்டிகா ஒன்று எடுத்தாள். மெட்டில்டா.

“இன்னொண்ணு எடுங்க.”

மெட்டில்டா.

கொலாஸ்டிகா டப்பாவைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்தாள். எல்லாச் சீட்டிலும் மெட்டில்டா.

“இதென்ன சிஸ்டர், பித்தலாட்டம்?”

“பித்தலாட்டம்தான்.”

“எல்லாருக்கும் இந்த டப்பாவா?”

“உங்களுக்கு மட்டும்தான்.”

“அவளுக்கு?”

சிஸ்டர் அலமாரியிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து வைத்தார்.

“அதுல என் பேரா?”

“திறந்து பாருங்க.”

திறந்தாள். காலி.

“ஒண்ணுமே இல்லையே.”

“நேத்து வந்தாங்க. மாத்திக் கேட்டாங்க. உங்களை மாதிரியேதான், பிடுங்கிக் கவிழ்த்தாங்க.”

“திட்டியிருப்பாளே.”

“என்னை நல்லாத் திட்டினாங்க. அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. கிளம்பும்போது எல்லாச் சீட்டையும் ஒவ்வொண்ணா மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டாங்க.”

“எதுக்கு?”

“நானும் கேட்டேன். ‘வேணாம்னா இங்கேயே போட்டுட்டுப் போங்க, பெருக்கித் தள்ளிடுவாங்க’ன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“‘கொலாஸ்டிகா பேரு எழுதியிருக்கு சிஸ்டர். அதைப் போய்ப் பெருக்குவீங்களா?’ன்னாங்க.”

கொலாஸ்டிகா மேசையில் கிடந்த சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஒன்று மேசைக்கு அடியில் விழுந்திருந்தது. அதை எடுக்க முட்டி போட்டாள்.

சீட்டு கைக்கு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.