ஆமீன் வராத துஆ

“ஹஜ்ரத், எனக்கொரு துஆ செய்யணும்.”

ஹஜ்ரத் தங்கியிருந்த தைக்காவின் வாசலில் நின்றபடியே மஸ்தான் கனி கேட்டார். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சுபுஹு தொழுகை முடிந்த நேரம். கிழக்கு இன்னும் சரியாக வெளுக்கவில்லை. நூகு ஹஜ்ரத் பாயில் உட்கார்ந்து மூச்சு மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சிறு வயதிலிருந்தே அவருக்கு இளைப்பு. அதனால் பேச்சைச் சுருக்கியே பேசுவார். கடலோரச் சங்குமுனையில் அவருக்குச் சீடர்கள் அதிகமில்லை. இருந்தவர்களில் மூத்தவர் கனி. ஹஜ்ரத்தைவிடப் பத்து வயது பெரியவர், அதனால் அவருக்குக் காக்கா, அண்ணன் முறை. மீனவர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான்.

“உள்ள வாங்க காக்கா.”

“உக்கார நேரமில்ல. ஆளுங்க கடப்பாரையோட காத்திருக்காங்க.”

“எதுக்கு?”

“அமானுல்லாவோட இறால் பண்ணைக் கரையை வெட்ட.”

ஹஜ்ரத் மருந்துக் குப்பியை மூடி வைத்தார்.

அந்த வாரம் முழுக்க ஊருக்குத் தூக்கமில்லை. முதலில் கடல் பச்சையாய்த் தடித்தது. பூங்கோரைப் பாசி பூத்திருக்கிறது என்றார்கள். அது அவ்வப்போது வருவதுதான், யாரும் பெரிதாக நினைக்கவில்லை. காற்றும் நின்றுபோனது. பிறகு ஒரு காலையில் மீன்கள் தாமாகவே கரைக்கு வந்தன. ஓராவும் மடவையும் நண்டும் முழங்கால் தண்ணீரில் குவிந்து கிடந்தன. வலையே தேவைப்படவில்லை. சனங்கள் சிரித்துக்கொண்டே கூடையில் அள்ளினார்கள். கனியும் அள்ளினார். அள்ளும்போதுதான் பார்த்தார், ஒவ்வொரு மீனும் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. கையில் பிடித்தால் துள்ளவில்லை.

மறுநாள் கரையெல்லாம் செத்து நாறியது. இனி இந்தக் கடலில் மீன் பிடிக்கவும் விற்கவும் தடை என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள். எதுவரை என்று சொல்லவில்லை. பின்னாலேயே ஓர் அதிகாரி வந்து, படகிலிருந்து ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தார்.

“தண்ணியில ஆக்ஸிஜன் இல்லைங்க. மீனுக்கு மூச்சு முட்டிப்போச்சு.”

“என்ன காரணம் சார்?”

“பாசியா இருக்கலாம். டவுன் சாக்கடையா இருக்கலாம். பண்ணைக் கழிவா, வயல் உரமா, இந்த வெயிலா... பல காரணம் இருக்கலாம். சோதனை முடிஞ்சாத்தான் தெரியும்.”

அந்தப் பதில்தான் ஊரைப் பைத்தியமாக்கியது. பல காரணம் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

அமானுல்லாவின் கதவு பக்கத்தில் இருந்தது.

“அவர்தானா?” என்று கேட்டார் ஹஜ்ரத்.

“அவன்தான். பண்ணைக் கழிவைக் கழிமுகத்துல திறந்துவிடுறான். எல்லாரும் பாத்திருக்காங்க.”

“அதனாலதான் மீன் செத்துச்சா?”

“வேற எதனால?” கனியின் குரல் உயர்ந்தது. “படகெல்லாம் கரையில கிடக்கு ஹஜ்ரத். எத்தனை வீட்டுல அடுப்பு எரியலன்னு தெரியுமா? யாராவது ஒருத்தன் பதில் சொல்லணும்ல? நான் தலைவன். என்னையத்தானே கேக்குறாங்க.”

ஹஜ்ரத் பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

கனி குரலைத் தாழ்த்தினார். “நான் தயங்குறேன்னு பேசுறாங்க. தங்கச்சி மாப்பிள்ளையாம். அதான் காப்பாத்துறேனாம்.”

அமானுல்லா இறால் குட்டைகளை வெட்டிய பிறகு தெருக்கிணறு உப்பாகிப்போனது. அன்று நடந்த சண்டையோடு சரி, கனி தங்கை மைமூனின் வாசலை மிதிக்கவில்லை. பெருநாளைக்குக்கூடப் போகவில்லை. ஒரே ஊர். சந்தையில் எதிரே வந்தால் அவள் நிற்பாள். இவர் நிற்கமாட்டார்.

“வெட்டிட்டா ஊரு அமைதியாயிடும். பாவம் என் மேல விழாம நீங்க ஒரு துஆ செய்யுங்க.”

மாட்டேன் என்பார் என்றுதான் கனி எதிர்பார்த்தார். ஹஜ்ரத் மறுக்கவில்லை. அதுவே அவருக்குத் திடுக்கென்றது.

ஹஜ்ரத் இரண்டு கைகளையும் ஏந்தினார். கனியும் வாசலில் நின்றபடி ஏந்தினார்.

“யா அல்லாஹ்.” மூச்சு இழுத்தது. நின்று தொடர்ந்தார். “இந்தக் குற்றம் அமானுல்லா செஞ்சதாவே இருக்கட்டும்.”

கனி நிமிர்ந்து பார்த்தார்.

“வேற யாரும் செஞ்சதா இருக்க வேணாம். அவர் ஒருத்தர் மட்டும் செஞ்சதா இருக்கட்டும்.”

ஹஜ்ரத்தின் நெஞ்சு கீச்சிடுவது மட்டும் கேட்டது.

“ஆமீன் சொல்லுங்க காக்கா.”

கனி வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. பிள்ளையாய் இருந்தது முதல் தானாக வந்த சொல். வரவில்லை.

மறுபடி திறந்தார்.

“துஆ பாதியில நிக்குது,” என்றார் ஹஜ்ரத்.

“என்னால முடியல. அவன் செஞ்சிருக்கணும்னு எப்படி வேண்டுறது?”

ஹஜ்ரத் கைகளை இறக்கினார். துஆ முடிந்தால் செய்வதுபோல் முகத்தில் தடவிக்கொள்ளவில்லை.

“அப்ப போங்க.”

“எங்க?”

“ஆளுங்க போறதுக்கு முன்னால போங்க.”

பண்ணைக்குப் போகும் உப்பளப் பாதையில் கனி ஓட்டமும் நடையுமாய்ப் போனார். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியவில்லை. ஓடிப்போ என்று சொல்வதா? உண்மையைச் சொல்லடா என்று சட்டையைப் பிடிப்பதா? ஒருவேளை அவன் கதவையே திறக்காவிட்டால்? செத்த மீனின் வாடை கூடவே வந்தது. பின்னால் குரல் கேட்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. இன்னும் வேகமாய் நடந்தார்.

பண்ணையில் விளக்கில்லை. எந்நேரமும் தண்ணீரைக் கடைந்து காற்று சேர்க்கும் சக்கரங்கள் நின்றுபோயிருந்தன. அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை.

முதல் குட்டையில், மார்பளவு தண்ணீரில் அமானுல்லா நின்றிருந்தான். கையில் ஒரு பலகை. சக்கரத்துக்குப் பதிலாக அதைக்கொண்டு தண்ணீரை அறைந்துகொண்டிருந்தான். அவனைச் சுற்றிலும் இறால்கள் மேலே வந்து, மீசை வெளியே தெரிய, சாய்ந்து சாய்ந்து மிதந்தன. பக்கத்துக் குட்டையில் மைமூன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியில் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேலே தூக்கித் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவள்தான் முதலில் பார்த்தாள்.

“காக்கா!”

அமானுல்லா திரும்பினான். கை நிற்கவில்லை.

“கரையை வெட்டத்தானே வந்தீங்க மச்சான்?”

“கரண்டு எங்க?”

“பாங்கு சொல்றதுக்கு முன்னமே போச்சு. ஜெனரேட்டரும் கெளம்பல.” மூச்சு வாங்கினான். “கடல் தண்ணியத்தானே இதுக்குள்ள இழுக்குறேன். அங்க இல்லாத மூச்சு இங்க எங்கேருந்து வரும்?”

கனி கரையில் நின்றார்.

“நீதானா அமானு?”

பலகை ஒரு கணம் நின்றது.

“நானா இருக்கலாம் மச்சான்.” மறுபடி தண்ணீரை அறைந்தான். “போன அமாவாசைக்கு குட்டையோட அடிச்சேறு எல்லாத்தையும் கழிமுகத்துல தெறந்துவிட்டேன். அதுல எத்தனை செத்துச்சு, பாசியில எத்தனை செத்துச்சு, எனக்குத் தெரியல. அல்லாஹ் மேல ஆணையாத் தெரியல. கடல் பக்கம் போகவே பயமா இருக்கு.”

இல்லை என்று அவன் சாதித்திருந்தால் கனிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விலைபோகாத பொடிமீனை அவருடைய படகுகள் கூடை கூடையாய்க் கழிமுகத்தில் கொட்டியது நினைவுக்கு வந்தது. அது அங்கேயேதான் அழுகியது. யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

காலடியில் ஓர் இறால் கரையோரச் சேற்றில் ஏறி வந்து கிடந்தது. ஒரு பக்கமாய்ச் சரிந்தது.

கனி சட்டையைக் கழற்றினார். குட்டையில் இறங்கினார்.

மைமூன் இன்னொரு வாளியை எடுத்து அண்ணனிடம் வீசினாள்.

கிழக்கு நன்றாக வெளுத்தபோது ஆட்கள் வந்தார்கள். முன்னால் கனியின் மகன் பைரோஸ், தோளில் கடப்பாரை. கரைமேல் ஏறியவன் அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன் மேல் இடித்துக்கொண்டு நின்றார்கள். குட்டைக்குள் அவன் வாப்பா தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். மொண்டு, ஊற்றி, மொண்டு.

“வாப்பா! அங்க என்ன செய்றீங்க? இவருதான் காரணம்னு நீங்கதானே சொன்னீங்க?”

கனிக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை.

“எறங்கு,” என்றார்.

பைரோஸ் மாமாவைப் பார்த்தான். மாமியைப் பார்த்தான். மிதந்துகொண்டிருக்கும் இறால்களைப் பார்த்தான்.

“கடப்பாரையை வச்சு இங்க என்ன செய்ய?”

“அது ஆகாது. கையால தண்ணிய அடி.”