கால்மாட்டில் நின்ற டாக்டர்

நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. நாகராஜா கோயில் புற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஆணையிடச் சொன்னாலும் விடுவேன். இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. என் கண்ணால் பார்த்தது. அந்த நேரம் நான் செத்துக் கிடந்தேன், அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே தாணுமாலயன் என்று ஒரு இருதய டாக்டர். ஐம்பத்தொரு வயது. அவர் கையின் வேகம் ஊருக்கே தெரியும். தூக்கத்தில்கூட தலையணை உறைக்குத் தையல் போட்டுவிடுவார் என்று அவர் சம்சாரமே சொல்லியிருக்கிறாள். அந்தத் தையலைப் பிரிக்க ஒரு தையல்காரனாலும் முடியவில்லையாம்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு குரு இருந்தார். எஸ்கலின் சிஸ்டர். முப்பத்துநாலு வயது. நின்றுபோன இருதயத்தை மறுபடி ஓடவைக்கிற பயிற்சியை அங்கே எல்லோருக்கும் கொடுப்பது அந்தம்மாதான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எந்த டாக்டரும் அந்தக் குழுவுக்குத் தலைவராக நிற்கலாம். தாணுமாலயனுக்கு மூன்று தடவை அவர் போடவில்லை.

காரணம் ஒரு சதுரம். கட்டிலின் கால்மாட்டில், தரையில், மஞ்சள் டேப்பால் ஒட்டியது. தலைவர் அதற்குள்தான் நிற்க வேண்டும். எதையும் தொடக்கூடாது. பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். செய்து முடித்ததும் முடித்தேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தம்மா வைத்த முறை இது.

பயிற்சிக்கு ரப்பர் பொம்மையைக் கிடத்துவார்கள். நாற்பதாவது நொடியில் டாக்டர் சதுரத்தில் இருக்கமாட்டார். பொம்மையின் நெஞ்சில் இருப்பார்.

மூன்றாம் தடவை தோற்ற அன்று டாக்டர் கேட்டார். நான் சாவதற்கு முந்தின நாள் அது. உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டாம். செத்தவனுக்கு நேற்று இன்று எல்லாம் ஒன்றுதான்.

"இருபத்தாறு வருஷம் இந்த ரெண்டு கைக்குத்தான் படிச்சேன் சிஸ்டர். ஒரு மனுசன் கண்ணு முன்னால போய்ட்டிருக்கான். நான் தூண் மாதிரி நிக்கணுமா?"

"தூணுக்குக் கண்ணு கிடையாது சார்."

"கையால செஞ்சுகிட்டே கண்ணால பார்க்க முடியாதா?"

"நாளைக்குப் பாப்போம் சார்," என்றார் சிஸ்டர்.

மறுநாள் நான் வந்தேன்.

காலை பத்தே முக்கால். ஈசிஜி அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டோக்கன் பத்தொன்பது. பக்கத்தில் இருந்தவரிடம், முட்டத்துக் கடலில் ஒரு திருக்கை என்னைத் தூண்டிலோடு இழுத்துக்கொண்டு கொழும்பு வரை போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொழும்பு வருவதற்குள் சாய்ந்துவிட்டேன்.

"பாட்டா விழுந்துட்டாரு," என்று இந்தக் கிழவனைப் பார்த்து யாரோ கத்தியது கேட்டது. அடுத்து நான் அவசர சிகிச்சை அறையில், ஏ.சி. பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலிக்கவில்லை. அதிலேயே தெரிந்துகொண்டேன், செத்துவிட்டேன் என்று.

கீழே கட்டிலில் என் உடம்பு. சுயம்பு என்கிற ஆண் நர்ஸ் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். லீலா பாய் நர்ஸ் ஷாக் மிஷினின் ஒட்டுப் பட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். எஸ்கலின் சிஸ்டர் தலைமாட்டில் முகமூடியை வைத்துப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் கோடு குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கியது.

டாக்டர் ஓடி வந்தார். சதுரத்தைத் தாண்டி வந்தார்.

"தள்ளுங்க சுயம்பு." கொஞ்ச நேரம் அவரே அழுத்தினார். பிறகு தலைமாட்டுக்குப் பாய்ந்தார். "சிஸ்டர், தள்ளுங்க. குழாய் போடுறேன்."

என் வாயைத் திறந்து, தொண்டைக்குள் குழாயை இறக்கக் குனிந்தார். எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அழகான கை. ஆனால் நெஞ்சில் யார் கையும் இல்லை. பத்து நொடி. பதினைந்து நொடி. என் பல்செட்டு வேறு நழுவி அவருக்கு வழி மறித்தது.

எஸ்கலின் சிஸ்டர் விரலை விட்டு மேல் செட்டை எடுத்தார். கீழ் செட்டையும் எடுத்தார். டாக்டர் நிமிர்ந்த அந்த ஒரு கணத்தில் கைக்கொன்றாக அவருடைய இரண்டு கையிலும் வைத்தார்.

"பத்திரம் சார். புதுசு மாதிரி இருக்கு. கீழ விழுந்தா உடைஞ்சுரும்."

"சிஸ்டர், இப்ப என்ன..."

"கால்மாட்டுல நில்லுங்க சார்."

சொன்ன குரலில் சத்தம் இல்லை. அதனால்தானோ என்னவோ, டாக்டர் போனார். சதுரத்துக்குள் நின்றார். வலது கையில் மேல் பல், இடது கையில் கீழ்ப் பல். கீழே வைக்க இடமில்லை. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"சுயம்பு, அழுத்துங்க," என்றார்.

"அழுத்துறேன் சார்."

"லீலா, மிஷின்ல இருநூறு ஏத்துங்க."

"இருநூறு ஏத்துறேன். ஏத்தியாச்சு சார்."

"எல்லாரும் விலகுங்க. ஷாக்."

என் உடம்பு ஒரு சாண் எழும்பி விழுந்தது. ஏ.சி. பெட்டியும் என்னோடு ஒரு சாண் எழும்பியது.

"திரையைப் பார்க்காதீங்க. உடனே அழுத்துங்க."

இரண்டு நிமிடம் போனது. கோடு இன்னும் நடுங்கியது. இரண்டாவது ஷாக்.

"ஆள் மாறுங்க. லீலா அழுத்தட்டும்."

"எனக்கு அலுப்பு இல்ல சார்," என்றார் சுயம்பு.

"உங்களுக்கு இல்ல. உங்க கைக்கு இருக்கு. ஆழம் குறைஞ்சுட்டு. நீங்க அட்ரினலின் ஒண்ணு போடுங்க."

"அட்ரினலின் ஒண்ணு. போட்டாச்சு சார்."

கோடு மசியவில்லை. மேலே எனக்குக் குளிர் தாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் நிரந்தரமாக அங்கேயே இருந்துவிடுவேன் என்று தோன்றியது.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரை. லீலாவின் தோள். என் முகம், அதன் நீலம். பிறகு எஸ்கலின் சிஸ்டர் மறுபடி அமுக்கிக்கொண்டிருந்த பை. அதன் பின்னால் ஆக்ஸிஜன் நிரம்பி உப்பியிருக்க வேண்டிய இன்னொரு பை, வாடிய பூசணிப்பூ மாதிரி தொங்கியது. அங்கிருந்து குழாயோடு கண்ணை ஓட்டினார். சுவரில் மாட்டியிருக்க வேண்டிய அதன் நுனி தரையில் கிடந்தது. சற்று முன் அவருடைய ஷூ நின்ற இடத்தில்.

"சிஸ்டர், உங்க பைக்கு ஆக்ஸிஜன் வரல. குழாய் கழன்று கிடக்கு. நான்தான் மிதிச்சிருக்கேன்."

சிஸ்டர் குனிந்து பார்த்தார்.

"ஆக்ஸிஜன் வரல," என்று திருப்பிச் சொன்னார். சுயம்பு குழாயைச் சுவரில் செருகினார். "மாட்டியாச்சு சார்."

பை உப்பியது. என் முகத்து நீலம் மெல்ல வெளுத்தது. மூன்றாவது ஷாக். அமியோடரோன் ஊசி சொன்னார், சுயம்பு திருப்பிச் சொன்னார், போட்டார். லீலா மறுபடி அழுத்தினார். இரண்டு நிமிடம் கழித்து டாக்டர், "நிறுத்துங்க. கழுத்தைப் பாருங்க," என்றார்.

யாரோ என் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்ததுபோல் இருந்தது.

"நாடி இருக்கு சார்," என்றார் சுயம்பு.

முழங்கால் வலித்தது. கண்ணை ஒரு கீற்றுதான் திறக்க முடிந்தது. காது முழுசாக வேலை செய்தது.

என்னை மேல் மாடிக்குக் கொண்டுபோக லிப்டுக்குச் சொன்னார்கள். டாக்டர் சதுரத்தைவிட்டு நகரவில்லை. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எஸ்கலின் சிஸ்டர் அந்தக் கையெழுத்தைப் போட்டார். டாக்டரின் இரண்டு கையும் காலியில்லாததால் காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் செருகினார்.

டாக்டர் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"சிஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"அந்தக் குழாய் உங்க காலடியில கிடந்தது. பை உங்க கையிலேயே இருந்தது. ஊருக்கெல்லாம் பாடம் சொல்லித் தர்றீங்க. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"என் கையில வேலை இருந்துச்சு சார்," என்றார் எஸ்கலின் சிஸ்டர்.

லிப்ட் வந்துவிட்டது; என் கட்டில் அறையைவிட்டு உருண்டு போனது.

அடுத்த மாதம் அவரிடம் செக்கப்புக்குப் போகவேண்டும். விழுந்தது முதல் எனக்கு ஒன்றுமே நினைவில்லை என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏ.சி. பெட்டி விஷயம் தெரிந்தால் மூளை டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஆகவே கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடவேண்டாம்.