சிவந்த காலும் சிவக்காத காலும்

வந்து உட்காருங்கள், சொல்கிறேன். ஆற்றுக்கு அந்தக் கரை காடாகவும் இந்தக் கரை வயலாகவும் இருந்த காலம். மருதந்துறை என்ற ஊரைக் கூத்தரசன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். எள் என்பதற்குள் எண்ணெயாய் நிற்பான்.

அந்த ஊரில் ஒரு விதைக் களஞ்சியம் இருந்தது. அதற்குள் ஏழு தாழிகள். அத்தனையிலும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாத விதைநெல். ஆண்டுதோறும் ஆறு பெருகும் ஊருக்கு அந்த நெல்தான் உயிர்.

அப்படிப்பட்ட களஞ்சியத்துக்குப் பூட்டு கிடையாது. பூட்டுக்குப் பதில் ஒரு வழக்கம் இருந்தது. தாழிகளை உள்ளே வைத்ததும் காவலன் தரை முழுக்க அரக்குச் சாயத்தைப் பூசிக்கொண்டே பின்னால் நடந்து வெளியே வந்துவிடுவான். காலால் தொட்டால் போதும், பாதம் சிவந்துவிடும். மண் போட்டுத் தேய்த்தாலும் போகாது, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது, பத்து நாளைக்கு எதற்கும் போகாது. விதை இருக்கும் இடத்தில் செருப்போடு நுழைய அந்த ஊரில் யாருக்கும் மனம் வராது. ஆகவே உள்ளே போனவன் கால் சிவக்கும். இது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

விதைப்புக்கு ஐந்து நாள் இருந்தது. விடியற்காலையில் காவலன் கண்டன் அலறிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினான். “அரசே! களஞ்சியத்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். கடைசி மூலையில் இருந்த ஏழாவது தாழியைக் காணோம்!”

ராஜா களஞ்சியத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் மட்டுமா? ஊரில் ஒருவரும் உள்ளே போகவில்லை. போனால் கால் சிவக்குமே, பிறகு யார் நம்புவார்கள்? “சிவந்த காலைத் தேடுங்கள்” என்றான் ராஜா. சேவகர்கள் தெருத்தெருவாகப் போய் ஆண்களின் கால்களைப் பார்த்தார்கள். பெண்களை விட்டுவிட்டார்கள். செம்பஞ்சுக் குழம்பு பூசாத பெண் கால் அந்த ஊரில் ஏது?

செக்காட்டும் நல்லானின் கால் சிவந்திருந்தது. பிடித்துக்கொண்டு போனார்கள்.

நல்லானின் மனைவி கொற்றி நிறைமாதக் கர்ப்பிணி. குனிய முடியாத அவளுக்கு முந்தின நாள் அவன்தான் காலில் குழம்பு பூசிவிட்டான். கிண்ணம் கவிழ்ந்தது. துடைக்கப் போய் அதிலேயே மிதித்தான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்படி வந்து விடியும் என்று யார் கண்டது!

பிடித்தபோதே சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்டாட்டி காலுக்குச் சாயம் பூசிய ஆண்பிள்ளை என்று ஊர் கேலி செய்யுமே என்று நல்லான் வாயை மூடிக்கொண்டான். பிறகு சொன்னபோது ஊர் சிரித்தது, நம்பவில்லை.

“உள்ளே போனவன் கால் சிவக்கும். இவன் கால் சிவந்திருக்கிறது. ஆகவே இவன் உள்ளே போனான்” என்றான் ராஜா. “பொழுது சாய்வதற்குள் இவனை ஆற்றுக்கு அந்தக் கரையில் விட்டுவிடுங்கள். இனி இந்த மண்ணை மிதிக்கக் கூடாது.”

கொற்றி செய்தி கேட்டுச் சபைக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் முகத்தைப் பார்த்தால் அழுகை வரும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த கண்ணுக்குச் சபையிலிருந்த எல்லாருடைய காலும் தெரிந்தது. பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் பார்வையை நிறுத்தினாள். வரவிருந்த அழுகை நின்றுவிட்டது.

“அரசே, மூன்று கேள்வி கேட்கிறேன். பதில் சொன்னால் போதும்” என்றாள்.

“கேள், அம்மா.”

“உள்ளே போனவர் கால் சிவக்கும். இது மெய்யா?”

“மெய்.”

“அப்படியானால் கால் சிவந்தவரெல்லாம் உள்ளே போனவர். இது மெய்யா?”

“அதேதானே இது!” என்றான் ராஜா.

“இல்லை, அரசே. எள்ளை ஆட்டினால் எண்ணெய் வரும். அதற்காக எண்ணெயைக் கண்டதும் எள் என்று சொன்னால் எங்கள் செக்கு மாடுகூடச் சிரிக்கும். தேங்காயிலும் வரும், இலுப்பையிலும் வரும். மகாராணியின் காலைப் பாருங்கள். அவர்களும் களஞ்சியத்துக்குப் போனார்களா?”

ராணி சட்டென்று பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவுக்கு முகம் சுருங்கியது. “அப்படியானால் உன் புருஷன் போகவில்லை என்று நிரூபித்துவிட்டாயா?” என்று கேட்டான்.

“இல்லை” என்றாள் கொற்றி. சபை திகைத்தது. “அவர் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலை வைத்துப் போனார் என்றும் சொல்ல முடியாது, போகவில்லை என்றும் சொல்ல முடியாது. அவ்வளவுதான் நான் சொல்வது. மூன்றாவது கேள்வி, அரசே. உள்ளே போனவர் கால் சிவக்கும் என்றால், கால் சிவக்காதவர் உள்ளே போகவில்லை. இது மெய்யா?”

ராஜா வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்படாமல் யோசித்தான். போயிருந்தால் சிவந்திருக்கும். சிவக்கவில்லை. ஆகவே போகவில்லை. எப்படித் திருப்பினாலும் அது நின்றது.

“மெய்” என்றான்.

“அப்படியானால் உள்ளே போய்ப் பார்த்ததாகச் சொன்ன காவலரின் காலைப் பாருங்கள்.”

எல்லார் தலையும் திரும்பியது. கண்டனின் பாதங்கள் கழுவிய கிழங்கு மாதிரி வெளுப்பாக இருந்தன. சிவந்த காலைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவர்கள், பக்கத்தில் நின்ற சிவக்காத காலைப் பார்க்கவில்லை.

ராஜா துள்ளி எழுந்தான். “ஆகா! இவன்தான் திருடன்! இவனைத் தள்ளுங்கள் அக்கரையில்!”

கொற்றி கையை உயர்த்தினாள். அவள் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். புருஷன் தப்பியாயிற்று, பழி வேறு தலையில் விழுந்தாயிற்று. ஆனாலும் சொன்னாள்: “பொறுங்கள், அரசே. அவர் உள்ளே போகவில்லை, போனதாகப் பொய் சொன்னார். நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திருடினாரா என்று அந்தக் காலும் சொல்லவில்லை. யாராவது உள்ளே போய்ப் பாருங்கள்.”

போக ஒருவரும் முன்வரவில்லை. ராஜாவே போனான். களஞ்சியத்துத் தரையில் பூசிய சாயம் பூசியபடி கிடந்தது. ஒரு காலடித் தடம் இல்லை. ஆறு தாழிகள் இருந்தன. ஏழாவது தாழி இருக்க வேண்டிய மூலையிலும், தாழி நின்ற வட்டம்கூட இல்லாமல், சாயம் ஒரே சீராகப் பூசியிருந்தது. அங்கே எந்தத் தாழியையும் வைக்கவே இல்லை! வராத தாழியை யார் எடுத்துக்கொண்டு போக முடியும்?

ராஜா வெளியே வந்து கண்டனைப் பார்த்தான். கேட்பதற்கு முன்பே கண்டன் காலில் விழுந்தான். தாழிகளை உள்ளே வைக்கும் வேலை அவனுடையது. ஒன்றைத் தன் வயலுக்கென்று வீட்டுப் பரணில் ஒளித்துவிட்டு, விதைப்பு நாளில் குட்டு உடையுமே என்று கதவைத் திறந்துவைத்துக் கூச்சல் போட்டிருக்கிறான். தாழி திரும்பி வந்தது. நல்லானுக்காகத் துறையில் நின்ற ஓடத்தில் கண்டன் ஏறினான்.

நல்லானும் கொற்றியும் வீடு திரும்பினார்கள். நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அதன் காலுக்கும் அப்பன்தான் சாயம் பூசினான், இந்த முறை தெருவே பார்க்கும்படி.

பத்து நாள் வரைக்கும் கூத்தரசன் சிவந்த காலோடுதான் சபையில் உட்கார்ந்திருந்தான். ஒருவரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. யார்மீதாவது பிராது வந்தால் மட்டும் அவனே தன் பாதத்தைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்வான். அப்புறம்தான் வாயைத் திறப்பான்.

ஆகவே பெரியவர்களே, பிள்ளைகளே, ஒன்று நடந்தால் இன்னொன்று வரும் என்பது மெய்யாகவே இருந்தாலும், அந்த இன்னொன்றைக் கண்டவுடன் முதலாவது நடந்துவிட்டதென்று முடிவு கட்டக் கூடாது.